கேஸ் ஷீட்டிலிருந்து தொடங்குங்கள்: ஆஸ்பத்திரி வேலையில் இருந்துகொண்டே மருத்துவக் கவனக்குறைவுச் சட்டம் படிப்பது எப்படி

ராயபுரம் பக்கம் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் நான் நைட் டூட்டியில் இருந்தேன். கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்த ஒரு அம்மாவுக்கு ராத்திரி 2.10 மணிக்கு பிபி 90-க்கு இறங்கியிருந்தது, பல்ஸ் 118. டாக்டருக்குப் போன் போட்டேன், டிரிப்பை வேகமாக விடச் சொன்னார். 2.40-க்கு மறுபடியும் போட்டேன். அவர் வந்து சேர மூன்றரை ஆனது. விடிவதற்குள் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், அங்கே மறுபடி வயிற்றைத் திறந்து ரத்தக்கசிவை நிறுத்தினார்கள், அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். ஒரு வருடத்துக்கு மேல் கழித்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. ஆபீஸ் ரூமில் கேஸ் ஷீட்டை விரித்து வைத்து என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். என் கையெழுத்தில் அதில் இருந்தது ஒரே வரிதான்: பிபி குறைவு, டாக்டருக்குத் தகவல் சொல்லப்பட்டது. மணி எழுதவில்லை. இரண்டு தடவை கூப்பிட்டேன் என்பது இல்லை, அவர் என்ன சொன்னார் என்பதும் இல்லை. நான் செய்த வேலையில் பாதி அந்தக் காகிதத்தில் நடக்கவே இல்லை.

அந்த விஷயம் பிறகு பேசி முடிக்கப்பட்டது. ஆனால் அன்றைக்கு ஆரம்பித்த படிப்பை நான் விடவில்லை. நர்ஸ், லேப் டெக்னீஷியன், பிசியோ, பார்மசிஸ்ட், டூட்டி டாக்டர் என்று யாராக இருந்தாலும் இந்தச் சட்டத்தை அடிப்படை அளவுக்காவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். வேலை போகாமல், ஷிப்டுக்கு நடுவில், பெரிய செலவு இல்லாமல் அதை எப்படிப் படிப்பது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், சட்டப் புத்தகத்தை வாங்காதீர்கள். பாரிமுனையில் தலையணை மாதிரி புத்தகங்கள் கிடைக்கும், நானும் ஒன்று வாங்கினேன், முப்பது பக்கம் தாண்டவில்லை. நமக்குப் பழகியது கேஸ் ஷீட். யார் வந்தார், என்ன கஷ்டம், எத்தனை மணிக்கு என்ன செய்தோம், என்ன ஆனது என்று படித்துப் பழகிய கண் நம்முடையது. ஒரு தீர்ப்பும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். முதல் சில பக்கங்களில் என்ன நடந்தது என்று தேதி வாரியாக எழுதியிருப்பார்கள், அதற்குப் பிறகுதான் சட்டம் வரும். அதனால் தீர்ப்பிலிருந்து தொடங்குங்கள், சட்டம் தானாகப் பின்னால் வரும். இந்தியன் கானூன் தளத்தில் தீர்ப்புகளை இலவசமாகப் படிக்கலாம், உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்சிஆர் தளத்திலும் இருக்கிறது, தமிழில் மொழிபெயர்த்த தீர்ப்புகளும் கொஞ்சம் கொஞ்சமாக அங்கே ஏறிக்கொண்டிருக்கின்றன. ஆங்கிலம் கஷ்டமாக இருந்தால் நடந்த கதை வரும் பகுதியை மட்டும் முதலில் படியுங்கள். அதில் வரும் வார்த்தைகளில் பாதி நாம் தினமும் வார்டில் பேசுவதுதான்.

ஒரு நீள நோட்டு வாங்குங்கள். இடது பக்கத்தில் நடந்ததை மட்டும் மணி, தேதியோடு எழுதுங்கள், உங்கள் கருத்து ஒன்றும் வேண்டாம். வலது பக்கத்தில் நான்கு கேள்விகளுக்குப் பதில். இந்த நோயாளிக்குப் பொறுப்பு யாருக்கு இருந்தது? அந்தப் பொறுப்பில் எந்த இடத்தில் தவறினார்கள்? நோயாளிக்கு என்ன பாதிப்பு? அந்தத் தவறினால்தான் அந்தப் பாதிப்பா? கவனக்குறைவு வழக்கு முழுக்க இந்த நாலுக்குள் அடங்கிவிடும். நாலாவதுதான் கடினம். தவறும் நடந்திருக்கும், நோயாளியும் இறந்திருப்பார், ஆனால் அந்தத் தவறு இல்லாமல் இருந்தாலும் அவர் இறந்திருப்பாரா என்ற கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்காவிட்டால் வழக்கு நிற்காது. வார்டில் நாம் இந்த இரண்டையும் சேர்த்தே பேசிப் பழகிவிட்டோம், அதைப் பிரித்துப் பார்க்க வருவதற்கே எனக்குச் சில மாதங்கள் ஆயின.

முதல் தீர்ப்பாக எதை எடுப்பது என்று கேட்டால், நம்ம ஊர் வழக்கு ஒன்றைச் சொல்வேன். வி. கிருஷ்ணகுமார் எதிர் தமிழ்நாடு அரசு, உச்ச நீதிமன்றம், 2015. எழும்பூர் தாய் சேய் ஆஸ்பத்திரியில் 1996 ஆகஸ்ட் கடைசியில் 29-வது வாரத்திலேயே பிறந்த பெண் குழந்தை, எடை 1250 கிராம். இன்குபேட்டரில் வைத்தார்கள், ஆக்சிஜன் கொடுத்தார்கள், ரத்தமும் ஏற்றினார்கள், செப்டம்பரில் டிஸ்சார்ஜ். குறைமாதக் குழந்தைக்கு ஆக்சிஜன் கொடுத்தால் விழித்திரை பாதிக்கப்படும் ஆபத்து உண்டு, பிறந்த சில வாரங்களுக்குள் கண்ணைப் பரிசோதித்துவிட்டால் பார்வையைக் காப்பாற்ற வாய்ப்பு இருக்கிறது. அந்தப் பரிசோதனையை யாரும் செய்யவில்லை, செய்ய வேண்டும் என்று பெற்றோரிடம் சொல்லவும் இல்லை. தொற்று வராமல் குழந்தையை அறைக்குள்ளேயே வைத்திருங்கள் என்ற அறிவுரை மட்டும் கிடைத்தது. விஷயம் தெரிய வந்தபோது நேரம் கடந்துவிட்டது, குழந்தைக்குப் பார்வை போய்விட்டது. உச்ச நீதிமன்றம் கொடுக்கச் சொன்ன இழப்பீடு, அதுவரை ஆன செலவையும் சேர்த்து, சுமார் 1 கோடியே 80 லட்சம் ரூபாய்.

இதில் யாரும் தப்பு மருந்து கொடுக்கவில்லை, கத்தி நழுவவில்லை. குழந்தையைப் பிழைக்க வைத்திருக்கிறார்கள். செய்யாமல் விட்டதும் சொல்லாமல் விட்டதும் கவனக்குறைவுதான் என்பதை இந்த ஒரு தீர்ப்பு சொல்லித் தருகிற மாதிரி வேறெதுவும் எனக்குச் சொல்லித் தரவில்லை. படித்து முடித்த அடுத்த டூட்டியில் நான் டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்த விதமே மாறிவிட்டது. மறுபடி எப்போது வர வேண்டும், எதற்காக வர வேண்டும், வராவிட்டால் என்ன ஆகும் என்று மூன்றையும் தமிழில் சொல்லி, சொன்னேன் என்பதையும் எழுதி வைக்கிறேன். காசிமேட்டிலிருந்து வரும் ஒரு தாய், ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒரு காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனால் அது சொன்னதாக ஆகாது.

இரண்டாவதாக ஸ்ப்ரிங் மெடோஸ் வழக்கு, 1998. இது நர்ஸ்கள் கட்டாயம் படிக்க வேண்டியது. டைபாய்டு என்று சேர்த்த சின்னப் பையனுக்கு நர்ஸ் நரம்பில் ஒரு ஊசி போடுகிறார். டாக்டர் எழுதியது ஒன்று, போனது லாரியாகோ, அதாவது குளோரோகுயின். போட்ட உடனேயே குழந்தை சரிந்தது, இதயம் நின்றது, மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. அந்த நர்ஸ் தகுதி பெற்றவர் இல்லை. தகுதி இல்லாதவரை அந்த வேலையில் வைத்ததும், அவரிடம் ஊசி போடும் பொறுப்பை விட்டதும் ஆஸ்பத்திரியின் தவறு என்று நீதிமன்றம் சொன்னது. ஊழியர் செய்த தவறுக்கு வேலைக்கு வைத்தவர் பொறுப்பு என்ற கொள்கையை இதில்தான் தெளிவாகப் பார்க்கலாம். குழந்தைக்கு 12.5 லட்சம், அதோடு பெற்றோருக்குத் தனியாக 5 லட்சம். நுகர்வோர் சட்டப்படி பெற்றோரும் நுகர்வோர்தான் என்று ஏற்றுக்கொண்டதும் இந்த வழக்கின் முக்கியத்துவம். வடசென்னையில் எத்தனை சின்ன நர்சிங் ஹோம்களில் மூன்று மாத டிரெய்னிங் முடித்த பெண்களுக்கு வெள்ளை யூனிபார்ம் போட்டு சிஸ்டர் என்று கூப்பிடுகிறோம் என்பதை நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். அந்தப் பெண்களுக்கும் யாராவது இதைச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது ஜேக்கப் மேத்யூ வழக்கு, 2005. இழப்பீட்டோடு முடியும் சிவில் தவறு எது, போலீஸ் கேஸ் ஆகும் அளவுக்குத் தவறு எது என்ற கோட்டைப் போட்டது இதுதான். லூதியானாவில் ஒரு ஆஸ்பத்திரியில் மூச்சுத் திணறிய வயதானவருக்கு ஆக்சிஜன் இணைக்கிறார்கள், சிலிண்டர் காலி. பக்கத்து அறையிலிருந்து மகன் ஓடிப்போய் இன்னொன்றைக் கொண்டுவருகிறார், அதை மாட்டி ஓட விடுவதற்குள் சில நிமிடங்கள் போகின்றன, அவர் இறந்துவிடுகிறார். ஆஸ்பத்திரி இழப்பீட்டுக்குப் பொறுப்பாகலாம், ஆனால் டாக்டர்களைக் குற்றவாளியாக்கும் அளவுக்கு இது போகவில்லை என்று உச்ச நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிக மோசமானதாக இருந்தால்தான் குற்றம். இங்கிலாந்தில் 1957-இல் வந்த போலம் அளவுகோலும் இதில் வருகிறது: அதே துறையில் இருக்கும் ஒரு சாதாரணத் திறமையுள்ளவர் என்ன செய்திருப்பாரோ அதை வைத்து அளக்க வேண்டும், நாட்டிலேயே பெரிய நிபுணரை வைத்து அல்ல. டாக்டர்மேல் வழக்குப் போடுவதற்கு முன் போலீஸ் அந்தத் துறையைச் சேர்ந்த பாரபட்சமில்லாத ஒரு டாக்டரின் கருத்தை வாங்க வேண்டும், வழக்கமான கேஸ் மாதிரி உடனே கைது செய்யக் கூடாது என்பதும் இதே தீர்ப்பில் உள்ளது. இறந்தவரின் குடும்பத்துக்கு இது நியாயமாகப் பட்டிருக்குமா என்று எனக்கு இன்னமும் மனசு உறுத்துகிறது. அந்த உறுத்தலோடு படிப்பதுதான் சரி என்றும் தோன்றுகிறது. ஷிப்ட் தொடங்கும்போது சிலிண்டர் அளவைப் பார்த்து நோட்டில் எழுதாமல் இப்போது நான் சேரில் உட்காருவதில்லை.

சம்மதம் பற்றி ஒன்றே ஒன்று படிப்பதானால் சமீரா கோலி வழக்கு, 2008. லேப்ராஸ்கோப், அதாவது வயிற்றுக்குள் விடும் கேமராக் குழாய், வைத்துப் பார்ப்பதற்குக் கையெழுத்துப் போட்ட பெண், மயக்கத்தில் இருக்கும்போது வெளியே இருந்த தாயிடம் கேட்டு கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்து இல்லாதபோது, சுயநினைவோடு இருந்திருக்கக்கூடிய வயது வந்த ஒருவருக்காக வேறு யாரும் சம்மதம் தர முடியாது என்றது நீதிமன்றம். நம்ம வார்டில் என்ன நடக்கிறது? பெண் கட்டிலில் விழித்துக்கொண்டு படுத்திருப்பார், பாரத்தை எடுத்துக்கொண்டு போய் வராண்டாவில் நிற்கும் வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்குவோம். நானும் நூறு தடவை வாங்கியிருக்கிறேன். அது தவறு.

இந்த நாலு வழக்கு முடிந்தபிறகு சட்டங்களுக்கு வாருங்கள், இப்போது அவை புரியும். ஒரே சம்பவத்துக்கு நாலு வாசல் உண்டு: நுகர்வோர் ஆணையம், சிவில் கோர்ட், போலீஸ், அப்புறம் மெடிக்கல் கவுன்சில் அல்லது நர்ஸ் என்றால் நர்ஸ்கள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சில். அதிகம் பேர் போவது நுகர்வோர் ஆணையத்துக்கு. ஆஸ்பத்திரி சேவையும் அதற்குள் வரும் என்று 1995-இல் இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் முடிவானது. எல்லோருக்கும் எப்போதும் இலவசமாகவே பார்க்கும் இடம் அதில் வராது, ஆனால் சிலரிடம் பணம் வாங்கி, சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் இடத்தில் அந்த இலவச நோயாளியும் நுகர்வோர்தான். காப்பீட்டுக் கம்பெனியோ வேலை கொடுத்தவரோ கட்டினாலும் பணம் கட்டியதாகவே கணக்கு. இப்போது நடப்பில் இருப்பது 2019-ஆம் ஆண்டுச் சட்டம், 2020 ஜூலையிலிருந்து அமலில் உள்ளது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். கட்டிய தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநிலம், அதையும் தாண்டினால் டெல்லியில் உள்ள தேசிய ஆணையம். பலர் கேட்கும் இழப்பீட்டை வைத்து இதைக் கணக்குப் போடுகிறார்கள், பழைய சட்டத்தில் அது உண்டு, இப்போது கட்டிய பணம்தான் கணக்கு.

குற்றச் சட்டத்தில் கவனமாக இருங்கள், பழைய புத்தகம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவு என்று சொல்லும். 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 106. கவனக்குறைவால் மரணம் ஏற்பட்டால் 5 வருடம் வரை சிறை. பதிவு பெற்ற மருத்துவர் ஒரு மருத்துவச் செயல்முறையின்போது அப்படிச் செய்தால் 2 வருடம் வரை. யார் பதிவு பெற்ற மருத்துவர் என்று அந்தப் பிரிவே விளக்கம் தருகிறது: தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி தகுதி பெற்று, மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவர். அந்த வரியை நர்ஸ்களும் டெக்னீஷியன்களும் இரண்டு தடவை படியுங்கள். அந்தக் குறைந்த தண்டனைக்குள் நம் பெயர் எழுதப்படவில்லை. இதை எங்கள் வார்டில் நான் சொன்னபோது ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அரசின் இந்தியா கோட் தளத்தில் மூலச் சட்டம் அப்படியே இருக்கிறது, யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் குறிப்பை நம்பாமல் அங்கே போய்ப் பாருங்கள்.

படித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு நாள் நேரில் போய் உட்காருங்கள். பார்க் டவுனில் பிரேசர் பிரிட்ஜ் ரோட்டில்தான் மாநில ஆணையம் இருக்கிறது. தண்டையார்பேட்டையிலிருந்து மெட்ரோ ஏறினால் சென்ட்ரலில் இறங்கிக் கொஞ்சம் நடக்க வேண்டும். நைட் டூட்டி முடிந்த காலையில் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுப் பத்தரைக்குள் போய்விடலாம். பின் வரிசையில் அமைதியாக உட்கார்ந்து பார்ப்பதை யாரும் தடுக்க மாட்டார்கள், போனை அணைத்துவிடுங்கள். முதல் நாள் பெரும்பாலும் வாய்தாதான் நடக்கும், சலிப்பாக இருக்கும், இருந்தாலும் இருங்கள். வக்கீல்கள் கேஸ் ஷீட்டின் நகலைக் கையில் பிடித்துக்கொண்டு இந்த என்ட்ரியை யார் போட்டது என்று கேட்பதை ஒரு தடவை காதால் கேட்டால் போதும். டாக்டருக்காக மட்டும் எழுதுகிறோம் என்ற நினைப்பு அன்றோடு போய்விடும்.

எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்பீர்கள். வாரத்தில் ஒரு தீர்ப்பு, அதுவும் ஒரே மூச்சில் வேண்டாம். எங்கள் கணக்கு இப்படி: நாலு பேர், புது வண்ணாரப்பேட்டையில் ஒருவர் வீட்டு மாடியில், எல்லோருக்கும் ஆஃப் ஒத்துவரும் ஞாயிறு மத்தியானம். ஒருவர் நோயாளியின் பக்கம் பேச வேண்டும், ஒருவர் ஆஸ்பத்திரியின் பக்கம், மற்ற இருவரும் கேள்வி கேட்பார்கள். நோயாளி பக்கம் பேசும் வாய்ப்பைத் தவறாமல் எடுத்துக்கொள்ளுங்கள். நம் வேலையில் இருப்பவர்களுக்கு அதுதான் வராது, எல்லாவற்றையும் வார்டுக்கு உள்ளேயிருந்தே பார்ப்போம். வெளியே பெஞ்சில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து, யாரும் ஒன்றும் சொல்லாமல், விடிந்ததும் பாடியை வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்டவரின் வாயால் அரை மணி நேரம் பேசிப் பாருங்கள். வழக்குகள் ஏன் வருகின்றன என்று அங்கே புரியும், பல சமயம் தவறைவிட யாரும் பதில் சொல்லாததுதான் ஆளைக் கோர்ட்டுக்குத் தள்ளுகிறது. உங்கள் ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்து பேசாதீர்கள், பெயரை மறைத்தாலும் வேண்டாம். தீர்ப்புகளிலேயே போதுமான விவரம் இருக்கிறது.

சான்றிதழ் வேண்டும் என்பவர்களுக்கு: பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி மருத்துவச் சட்டம், அறநெறியில் தொலைதூர முதுநிலை டிப்ளமோ நடத்துகிறது, புனே சிம்பயாசிஸிலும் மருத்துவச் சட்ட டிப்ளமோ உண்டு. தகுதியும் கட்டணமும் அவர்கள் தளத்தில் பாருங்கள், அவ்வப்போது மாறும். வக்கீல் ஆக வேண்டும் என்றால் அது வேறு பாதை: மூன்று வருட எல்.எல்.பி., பட்டம் வேண்டும், ஜிஎன்எம் என்ற நர்சிங் டிப்ளமோ மட்டும் இருந்தால் சேர முடியாது, வகுப்புக்கு நேரில் போக வேண்டும், அஞ்சல்வழியில் படித்தால் பார் கவுன்சிலில் பதிய முடியாது. சேர்ந்தவர்கள் சிலரைத் தெரியும், டூட்டியோடு ரொம்பக் கஷ்டப்படுகிறார்கள். உங்கள் தேவை பாதுகாப்பாகவும் நேர்மையாகவும் வேலை பார்ப்பதுதான் என்றால் நோட்டும் தீர்ப்பும் போதும் என்பது என் கருத்து.

கொஞ்சம் படித்ததும் தெருவில் எல்லோரும் உங்களிடம் வருவார்கள், டிஸ்சார்ஜ் சம்மரியை நீட்டி, இதில் கேஸ் போடலாமா அக்கா என்று கேட்பார்கள். போடலாம், கூடாது என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். நீங்கள் சொல்லக்கூடியது உண்டு. டாக்டரிடம் சிகிச்சை ஆவணங்களை எழுத்தில் கேளுங்கள், 2002-ஆம் ஆண்டு மருத்துவ நடத்தை விதிகளின்படி கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். விபத்து, அடிதடி என்று போனவர்கள் ஏ.ஆர். காப்பியை, அதாவது ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகலை, பத்திரமாக வைத்திருங்கள். இரண்டு வருடக் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது, சீக்கிரம் ஒரு வக்கீலைப் பாருங்கள். அவ்வளவு போதும், அது அவர்களுடைய உரிமை, நாம் ஆஸ்பத்திரிக்காரர் என்பதற்காக மறைக்க வேண்டியதில்லை.

கடைசியாக, நோட்டீஸ் வரும் நாள். படிப்பு முழுக்க அன்றைக்குத்தான் உதவும், அன்றைக்குத்தான் கை நடுங்கும். கேஸ் ஷீட்டில் பேனா வைக்காதீர்கள், யார் சொன்னாலும் சரி. விட்டுப்போன மணியைச் சேர்க்கச் சொல்லி என்னையும் ஒருவர் கேட்டார், பேனாவையும் நீட்டினார். மையின் நிறம் வேறாக இருந்தது. நான் எழுதவில்லை. அடித்துத் திருத்திய ஒரு வரியால் மற்ற உண்மையான வரிகளும் பொய்யாகத் தெரியும். அதற்குப் பதிலாக முழுக் கேஸ் ஷீட்டையும் பக்க எண் போட்டு நகல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு ஞாபகம் இருப்பதைத் தனித் தாளில், அன்றைய தேதியைப் போட்டு எழுதி ஆஸ்பத்திரியின் வக்கீலிடம் மட்டும் கொடுங்கள், ஞாபகம் இல்லாததை ஞாபகம் இல்லை என்றே எழுதுங்கள். உங்கள் போனில் அந்த ராத்திரி போட்ட கால்களின் பட்டியல் இருந்தால் அழிக்காதீர்கள். என்னுடையது அழிந்துவிட்டது, போனை மாற்றியிருந்தேன். இப்போது 2.10-க்குக் கூப்பிட்டால் 2.10 என்று எழுதுகிறேன், டாக்டர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி, 2.40-க்கு மறுபடி கூப்பிட்டதைத் தனி வரியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் கீழே கையெழுத்துப் போடுகிறேன். இரண்டு நிமிட வேலை.